மெருகில்லாத பானையின் வேதியியல்

தாம்பரத்தை ஒட்டிய புறநகரில் இன்னும் சூளை வைக்கும் ஒரு குயவர் வீட்டு முற்றத்தில், சக்கரத்தைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது புகையைத்தான். அடியில் விறகும் வரட்டியும், அதன்மேல் கவிழ்த்து அடுக்கிய பானைகள், மேலே வைக்கோல், எல்லாவற்றுக்கும் மேல் சேற்று மெழுகல். மெழுகலில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள். துளைகள் திறந்திருந்தால் பானை சிவந்து வெந்து வரும். கடைசிக் கட்டத்தில் அவற்றை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் அதே மண் கறுத்துப்போகும். எந்தத் துளையை எப்போது அடைப்பது என்பதைப் புகையின் நிறத்தைப் பார்த்தே பெரியவர் தீர்மானிக்கிறார். சீனப் பீங்கானின் மெருகைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தெரியாது. அங்கே பக்கம் பக்கமாகப் பேசப்படுவதும் இரும்பும் புகையும்தான்.

செஜியாங் மாகாணத்து லோங்சுவான் சூளைகளின் செலடான் என்னும் பச்சை மெருகுக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மெருகில் இரும்பு ஆக்சைடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். சூளைக்குள் காற்று தாராளமாகப் போனால் அது மஞ்சளும் பழுப்புமாக முடியும். காற்றைக் குறைத்து, கார்பன் மோனாக்சைடு நிறையும்படி எரித்தால், அந்த வாயு இரும்பிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, மெருகு பச்சையாகிறது. மெருகு உருகி மேற்பரப்பை மூடுவதற்குள் இது நடந்தாக வேண்டும், மூடிய பிறகு வாயு உள்ளே போகாது. ஆக, உலகம் வியக்கும் அந்தப் பச்சை, காற்றை எப்போது நிறுத்துவது என்று தெரிந்த கையின் பச்சை. மெருகை உருக வைத்ததோ சுண்ணாம்புச் சத்து. ஷாங் காலத்தில், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே, விறகுச் சாம்பலிலிருந்து அது கிடைத்தது. சுண்ணாம்புக் கல்லையும் பெரணிச் செடியையும் அடுக்கடுக்காக எரித்து மெருகுக்குச் சாம்பல் எடுப்பதை, சீனத்துப் பீங்கான் நகரான ஜிங்டெஷனிலிருந்த பாதிரியார் தாந்த்ரகோல் 1712இல் எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். ரோஸ் கெர்ரும் நைஜல் வுட்டும் எழுதி 2004இல் வெளிவந்த பெருநூல் இப்படிப்பட்ட கைப்பழக்கங்களை ஆய்வகச் சான்றுகளோடு பொருத்திக் காட்டுகிறது.

நம் பானைக்கு அந்த மரியாதை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பதே என் வாதம். செங்கல்பட்டு வட்டாரத்துப் பெருங்கற்கால ஈமக்குழிகளில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானைகள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஒரே பானையின் இரு பக்கங்களுக்கு இரு வேறு காற்றைக் கொடுத்தவர்கள் செய்தவை அவை. எப்படிச் செய்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். நுண்ணோக்கி வைத்துப் பார்க்க ஆளிருந்தால் நம் ஓடும் பேசும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. செலடானில் நிறம் தருவது இரும்பு, நம் கறுப்பில் பெரும்பங்கு படிந்த கரி, இரண்டையும் ஒன்றாக்கலாமா? ஒன்றாக்க முடியாதுதான். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை சூளைக் காற்றை ஆளும் திறன். அடுத்த மறுப்பு கனமானது: அவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் மெருகு பூசவில்லை? பாதி விடை மண்ணில் இருக்கிறது. சாம்பல் மெருகு உருக 1200 டிகிரி வேண்டும். இரும்புச் சத்து மிகுந்த நம் ஏரி வண்டல் அந்தச் சூட்டுக்குப் போவதற்குள் உப்பிச் சரிந்துவிடும். தென்சீனத்தில் அந்தச் சூட்டைத் தாங்கும் பீங்கான் கல் இருந்தது. ஆனால் ஈய மெருகுக்கு இவ்வளவு சூடு தேவையில்லை, ஹான் காலச் சீனர்கள் அதைச் செய்தார்கள். எனவே மண்ணை மட்டும் காரணம் காட்டி நழுவ முடியாது. மீதி விடை புழக்கத்தில் இருக்கிறது. மெருகு பூசிய பானையில் தண்ணீர் கசியாது. கசியாவிட்டால் சித்திரை வெயிலில் குளிராது. மணல் கலந்த, நுண்துளையுள்ள சட்டி அடுப்பின் திடீர்ச் சூட்டைத் தாங்குவதும் அந்தத் துளைகளால்தான். அப்படியானால் தமிழ்க் கரைக்குச் சீனப் பீங்கான் ஏன் வந்தது? இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் 1987இல் அகழ்ந்தபோது லோங்சுவான் செலடான் ஓடுகளும் கிடைத்தன. வணிகர்களின் துறைமுகத்தில் வணிகச் சரக்கு கிடைத்திருக்கிறது. அந்தக் கிண்ணத்தில் யாரும் சோறு பொங்கியிருக்க மாட்டார்கள்.

பொங்கல் பானை, கார்த்திகை அகல், பிள்ளையார் என்று பருவ வேலையாகச் சுருங்கிவிட்ட இந்தத் தொழிலில் அடுத்த தலைமுறை இறங்கத் தயங்குகிறது. சூளை நின்றுவிட்டால் புகையைப் படிக்கும் கண்ணும் போய்விடும்; மண்ணுக்கடியில் கிடைக்கும் ஓட்டை விளக்க ஆளிருக்காது. சென்னைக் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்திலேயே இருக்கிறது. ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை. வேதியியல் மாணவர்கள் வரும் கார்த்திகைக்குள் ஒரு சூளைக்குள் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளையும் வாயு அளக்கும் கருவியையும் வைத்து, வெப்பத்தையும் வாயுவையும் மணிக்கு மணி பதிவு செய்யட்டும். குயவரின் ஒப்புதலைக் கேட்டு, அன்றைய கூலியைக் கொடுத்து, கட்டுரையில் அவர் பெயரையும் ஆய்வாளராகச் சேர்க்கட்டும்.