தலையைப் பிடித்தவர்

2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், தேசிய மோட்டார் சைக்கிள் போட்டியில், பெங்களூருவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் முதல் வளைவில் விழுந்து இறந்தான். அதே ஆண்டு ஜனவரி 8 அன்று அதே தடத்தில்தான் 59 வயது கார் பந்தய வீரர் கே.இ.குமார் உயிரிழந்தார். இரண்டு செய்திகளிலும், தடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்று ஒரு வரி இருந்தது. கொண்டு சென்றவர்கள் யார், அந்த நிமிடங்களில் என்ன செய்தார்கள் என்று எந்தச் செய்தியும் சொல்லவில்லை. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

மைசூருவில் மண் தடப் பந்தயங்களில் கொடி பிடிக்கும் மார்ஷலாக நிற்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை வா, நேரிலேயே காட்டுகிறேன்" என்றார். தசராக் கூட்டம் ஓய்ந்திருந்தது. சாமுண்டி மலையைப் பார்த்தபடி, லலித மகால் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு பரந்த ஹெலிபேட் மைதானம். செம்மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்துத் தடம் போட்டிருந்தார்கள். புழுதி அடங்கத் தண்ணீர் லாரி ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. தடத்தின் வெளிவாசலை நோக்கி மூக்கை வைத்தபடி இரண்டு ஆம்புலன்ஸ்கள் நின்றன. முன்னால் யாரும் பைக்கைக்கூட நிறுத்தக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள்.

முதல் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்திருந்தார் அவர். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டையான உருவம், இடுப்பில் பெல்ட். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கொள்ளேகால் பக்கத்துக்காரர். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்த தாலுகா அது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். லாரியில் கிளீனராகத் தொடங்கியவர். 2008 நவம்பரில் கர்நாடகத்தில் 108 சேவை வந்தபோது பயிற்சிக்குப் போய் இ.எம்.டி. ஆனார். 108 வண்டியில் ஓட்டுநரைப் 'பைலட்' என்பார்கள், பின்னால் நோயாளியோடு இருப்பவர் இ.எம்.டி. பல வருடம் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போனபிறகு தனியார் வண்டிக்கு மாறிவிட்டார்.

பந்தய அனுமதி, காப்பீடு, சங்கத்தின் கடிதங்கள் எல்லாவற்றையும் நண்பர் நெடுநேரம் விளக்கினார். என் மனம் அதில் நிற்கவில்லை. வண்டிக்குள் சுவரில் சாய்ந்திருந்த மஞ்சள் பலகையில்தான் கண் இருந்தது. ஆள் நீளம், ஓரமெல்லாம் கைப்பிடித் துளைகள். ஸ்பைன் போர்டு.

"இதுல ஆளை ஏத்துறதுதான் சார் எங்க வேலையே. மிச்சம் எல்லாம் டாக்டர் பாத்துப்பார்" என்றார். பிறகு உதவியாளர் பையனைத் தரையில் படுக்கவைத்துச் செய்து காட்டினார். தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையை ஏந்திப் பிடித்துக்கொள்கிறார் ஒருவர். அந்த நொடியிலிருந்து அவர்தான் தலைவர். உருட்டுவதானாலும் தூக்குவதானாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்கிற எண்ணிக்கை அவர் வாயிலிருந்து மட்டுமே வரவேண்டும். வேறு யாரும், டாக்டரே பக்கத்தில் நின்றாலும், எண்ணக்கூடாது. கழுத்துப் பட்டையின் அளவை விரல்களால் பார்க்கிறார்கள்: தோளுக்கும் தாடைக்கும் இடையே எத்தனை விரல் கொள்கிறதோ அந்த அளவுப் பட்டை. பலகையில் ஏற்றியதும் முதலில் மார்பு, பிறகு இடுப்பு, கால், கடைசியாகத்தான் தலைக்குப் பட்டி. தலையை முதலில் கட்டிவிட்டு உடம்பு நழுவினால் கழுத்து மடங்கிவிடும்.

ஹெல்மெட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையை அசையாமல் பிடிக்கிறார். மற்றவர் தாடைப் பட்டியை அறுத்துவிட்டு, ஒரு கையைத் தாடையிலும் மறு கையைப் பிடரிக்கு அடியிலும் கொடுத்துத் தாங்குகிறார். பிறகு முதலாமவர் ஹெல்மெட்டின் பக்கங்களை வெளியே விரித்து, மூக்கு சிக்காமல் சற்றே சாய்த்து உருவுகிறார். செய்து முடிக்கும்வரை "நிதானா... நிதானா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்னடத்திலும் அந்தச் சொல்தான், தமிழிலும் அதேதான். நூறு கிலோமீட்டர் வேகத்துக்காகக் கூடியிருக்கும் மைதானத்தில் மெதுவாகச் செய்வதற்கென்றே பயின்ற கைகள் இவை.

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நஞ்சன்கூடு சாலையில் நடந்ததைச் சொன்னார். 108-இல் சேர்ந்த புதிது. பைக்கில் விழுந்த கல்லூரிப் பையன். வண்டி நின்றதும் இவர் இறங்கி ஓடுகையில் பையன் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். சுற்றியிருந்தவர்கள் நல்ல மனதோடுதான், மூச்சு முட்டுமே என்று ஹெல்மெட்டை ஒரே இழுப்பாக இழுத்தார்கள். தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்தார்கள். இவர் போய்ச் சேர இருபது அடி பாக்கி. "நான் கிட்ட போகும்போது கால் நின்னுபோச்சு சார். அந்த இருபது அடி இன்னும் என் கண்ணுல இருக்கு."

மோட்டார் பந்தய உலகமும் இந்தப் பாடத்தை உயிர் கொடுத்தே கற்றது. 1978 செப்டம்பரில் இத்தாலியின் மோன்ஸாவில் பந்தய வீரர் ரோனி பீட்டர்சனின் கார் நொறுங்கியபோது, பந்தய மருத்துவர் சிட் வாட்கின்ஸை நெருங்கவிடாமல் போலீசார் சுவர்போல நின்றார்கள். ஆம்புலன்ஸ் வரக் கால் மணி நேரத்துக்கு மேலானது. மறுநாள் பீட்டர்சன் இறந்தார். அதன் பிறகே முதல் சுற்றில் பந்தயக் கார்களின் பின்னாலேயே மருத்துவக் கார் ஓடவேண்டும் என்று வாட்கின்ஸ் கேட்டு வாங்கினார். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஜானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தபோது, ஏறக்குறைய 28 விநாடியில் அவர் நெருப்பிலிருந்து வெளியே வந்தார். அப்போது பந்தய மருத்துவர் இயன் ராபர்ட்ஸ் பக்கத்தில் நின்றது, 42 வருடம் முன்பு வாட்கின்ஸ் கேட்டு வாங்கிய அந்த மருத்துவக் காரில் வந்ததால்தான்.

மைசூருவில் அந்த அளவுக்கு வசதி இல்லை. ஆனால் ஒரு விதி இங்கேயும் உண்டு. தடத்தில் ஆம்புலன்ஸ் இல்லையென்றால் பந்தயம் இல்லை. காயம்பட்டவரை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டால், மாற்று வண்டி இல்லாத இடத்தில் அது திரும்பும்வரை எஞ்சின்கள் அணைந்தே கிடக்கும். அப்படிப் பந்தயத்தையே நிறுத்தவும் ஓட்டவும் வல்ல வண்டியில் வேலை செய்பவர் கைக்கு என்ன வருகிறது என்று கேட்டேன். ஏற்பாட்டாளர் ஒரு ஏஜென்டிடம் பேசுகிறார், ஏஜென்ட் இன்னொருவரிடம் வண்டி எடுக்கிறார். ஏற்பாட்டாளர் கொடுத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தன்னிடம் வருவதில்லை என்றார்.

கூலியைவிட வண்டி விஷயம்தான் என்னைக் கொதிக்கவைத்தது. நம் நாட்டில் ஆம்புலன்ஸ்களுக்கு ஏ.ஐ.எஸ். 125 என்ற விதிமுறை இருக்கிறது. வெறுமனே ஆளை ஏற்றிச் செல்லும் வண்டி பி வகை. அடிப்படை உயிர்காப்புக் கருவிகள் உள்ளது சி. உயர்நிலைக் கருவிகள் உள்ளது டி. டி வகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு பி வகையை அனுப்பும் ஏஜென்ட்களை அவர் பார்த்திருக்கிறார். ஒருமுறை வேறோர் ஊரில், வந்து நின்ற வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் காலி. வெள்ளை வண்டி, சிவப்பு விளக்கு, ஸ்ட்ரெச்சர் என்று எல்லாம் கண்ணுக்கு இருக்கும், மூச்சுக்கு ஒன்றும் இருக்காது. இதைச் செய்கிறவர் தன் மகனை அந்தத் தடத்தில் பைக் ஏற்றி அனுப்புவாரா? சிலிண்டரின் முள்ளைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை ஏற்பாட்டாளர் செலவழிக்காமல் கொடி அசைப்பது பச்சைத் துரோகம். வண்டி வந்ததா என்று கேட்டால் போதாது, வண்டிக்குள் யார், என்ன என்று கேட்கவேண்டும்.

அன்று மூன்று மணி வாக்கில் நண்பர் மஞ்சள் கொடியை வேகமாக வீசினார். மேட்டிலிருந்து எகிறிய பைக் ஒன்று தனியாக வந்து விழுந்தது, ஓட்டியவர் வேறொரு பக்கம். சிவப்புக் கொடி விழுந்து மற்றவர்கள் நிற்கும்வரை இ.எம்.டி. தடத்துக்குள் கால் வைக்கவில்லை. அதன் பிறகும் ஓடவில்லை, வேகமாக நடந்தார். ரைடர் எழுந்து உட்கார முயன்றார், "ஏனூ ஆகில்லா, ஏனூ ஆகில்லா" என்றார், ஒன்றும் ஆகவில்லை என்று. இ.எம்.டி. அவருடைய தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் கொடுத்தார். என்ன கிழமை, எத்தனையாவது சுற்று என்று கேட்டார். கிழமை வந்தது. சுற்று வரவில்லை.

ஒந்து, எரடு, மூரு. நான்கு பேர் உருட்டிப் பலகையில் ஏற்றினார்கள். மைதானத்தில் ஒருவரும் பேசவில்லை. மார்ஷல் ஒருவர் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினார். அதன் இடது பக்கம் சிராய்ந்து வெளுத்திருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"வண்டில வைங்க சார்," என்றார் அவர், தலையிலிருந்து கையை எடுக்காமலே. "எங்க அடி விழுந்துச்சுன்னு டாக்டர் அதைப் பாக்கணும்."

வைத்தேன். கதவு மூடியது. கயிற்றை அவிழ்த்தார்கள், வண்டி வெளிவாசலைத் தாண்டிப் போனது. இரண்டாவது ஆம்புலன்ஸின் பைலட், முதல் வண்டி நின்ற இடத்துக்குத் தன் வண்டியை நகர்த்தி, மூக்கை வாசலுக்குத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கி, சிலிண்டரின் முள்ளை இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.