வாப்பாவின் பெட்போர்டுக்குப் பின்லைட்



வேளாண்மை வெட்டு நெருங்குது. வாப்பாவின் பழைய பெட்போர்ட் லொறியை மச்சான் மறுபடி ரோட்டுக்கு எடுக்கப் போறார். எஞ்சினில் குறை இல்லை. பின்லைட்தான் எரியுதா இல்லையா என்று கிட்டப் போய்ப் பார்க்கணும். மஃரிபுக்குப் பிறகு அக்கரைப்பற்று - பொத்துவில் ரோட்டில் நெல் மூடையோடு போகிற லொறி இது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வாறது நம்மட பிள்ளைகள்தான்.

பழைய கூட்டுக்குள்ளேயே எல்ஈடி பல்ப் போடுவோம் என்றார் மச்சான். உம்மாவுக்கும் அதுதான் விருப்பம், வாப்பா துடைத்துத் துடைத்து வெச்ச கண்ணாடி அது. ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கூடு கம்பி பல்புக்கென்று செய்தது, எல்ஈடியின் வெளிச்சம் அதில் சரியாகப் பரவாது. உச்சி வெயிலில் மச்சான் பிரேக்கை மிதிக்க நான் பின்னால் நின்று பார்த்தேன். பார்க் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் வித்தியாசமே தெரியல்ல.

அதனால முழு எல்ஈடி செட்தான் என்று முடிவு. உம்மா ஒன்றும் சொல்லல்ல, பழைய கூட்டைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வெச்சிட்டா.

இப்படிப் பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க கடைக்குப் போக முதல் மீட்டரை வெச்சு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்க. 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் செட் எடுத்தால் அந்தத் தலையிடி இல்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலதில் பெட்டரியின் பொசிட்டிவ்தான் பொடியில் எர்த். எல்ஈடி மாறிக் கொடுத்தால் எரியாது. சிக்னல் பல்ப் 21 வொட், எல்ஈடி அதில் சொற்பம்தான் இழுக்கும். பழைய பிளாஷர் குழம்பி வேகமாக மின்னும், இல்லாட்டி மின்னவே மின்னாது. ரெசிஸ்டர் போடச் சொல்லுவாங்க, அது கொதிக்கும். எலெக்ட்ரோனிக் பிளாஷர் மாற்றுங்க.

எல்ஈடி பிரேக் லைட் கம்பி பல்பை விட ஏறத்தாழ 0.2 செக்கன் முந்தி எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வாறவருக்கு அது 3 மீட்டருக்கு மேல்.

கலர் கலராக மின்னுற பட்டி லைட்டையும் மச்சான் கேட்டார். அதுக்கு நான் சம்மதிக்கல்ல.

சிவப்பு ரிஃப்லெக்டர் ஒரு சோடி தனியாக வாங்கணும், நாங்க எடுத்த செட்டில் அது இல்லை. நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை லைட்டும் வேணும். பழைய மொடல் கூடு எங்கயாவது கண்டால் கொமென்டில் சொல்லுங்க.