யார் ஜாடை?

எலெக்ட்ரானிக் சிட்டியில் பொட்டி தட்டும் நம்ம மக்களுக்கு ஊரிலிருந்து வரும் போன்களில் ஒரு கேள்வி மட்டும் மாறவே மாறாது. "விசேஷம் ஏதும் உண்டா?" கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டு மாமி என்று முறை வைத்துக் கேட்பார்கள். அந்தச் சமாச்சாரத்தை ஜாலியாகச் சொல்லும் படம் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

படம் 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதரின் 1964 படம் இல்லைங்க. 2025 பொங்கலுக்கு வந்த கிருத்திகா உதயநிதி படம். கல்யாணம் முறிந்த சென்னைப் பெண் நித்யா மேனன், புருஷன் வேண்டாம், குழந்தை போதும் என்று கொடையாளர் விந்தணு மூலம் அம்மாவாகிறார். பெங்களூர் இன்ஜினியர் ரவி மோகனுக்கோ குழந்தை என்றாலே வேண்டாம். நண்பர்கள் வினய், யோகி பாபுவோடு போய் அவர் சேமித்து வைத்த விந்தணுதான் நித்யாவுக்குப் போகிறது. நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அப்புறமென்ன, சந்திக்கிறார்கள் :-)

இந்த விஷயத்தை 2012-லேயே இந்தியில் 'விக்கி டோனர்' சொன்னது. 2020 மார்ச்சில் அது தமிழில் 'தாராள பிரபு' ஆனது. விவேக் டாக்டராகக் கலக்கினார். சில நாளில் கொரோனா தியேட்டரை மூடிவிட்டது. அந்த இரண்டும் கொடுப்பவனின் கதை. ஒரே ஆள் பல வீட்டுக்குக் கொடுப்பான். இப்போது அது நடக்காது. 2021 சட்டப்படி ஒருவரின் விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல் வங்கி தரக்கூடாது. 'காதலிக்க நேரமில்லை' வாங்குபவளின் கதை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

நம்ம டீமில் ஒரு தம்பி, திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ஏழு வருஷம். குறை அவனிடம் என்று தெரிந்து, டாக்டர் கொடையாளர் வழியைச் சொல்லியிருக்கிறார். "செலவு, ஊசி எல்லாம் தாங்கிக்கலாம்ணே. நாளைக்கு எங்கம்மா பிள்ளையைத் தூக்கி வச்சு யார் ஜாடைன்னு தேடுனா, நான் என்ன சொல்ல?" என்றான்.

சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அப்படிப் பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் சொந்தப் பிள்ளை; கொடுத்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது. சொன்னேன். "சட்டம் எங்கம்மாவுக்குத் தெரியாதேண்ணே" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

படத்தில் ரவியும் அந்தப் பையனும் ஒட்டிக்கொள்வது உறவு தெரிந்த பிறகு இல்லை, தெரியாமலேதான். ஜாடையா பார்த்தார்கள்? கூடவே இருந்தார்கள், அவ்வளவுதான். தங்கமணி இதையே சுருக்கமாகச் சொன்னார்: "அப்பா யாருன்னு ஆராய்ச்சி பண்றதுக்கு முன்னாடி, ராத்திரி ரெண்டு மணிக்கு டயப்பர் மாத்துனது யாருன்னு கேளுங்க."

கொடுத்தவரின் பெயரைத்தான் சட்டம் மறைக்கிறது; பிள்ளையிடம் விஷயத்தையே மறைக்கச் சொல்லவில்லை. என்றைக்கோ ஒரு கல்யாண வீட்டில் யாரோ உளறி அது தெரிந்துகொள்வதைவிட, சின்ன வயதிலேயே அப்பா அம்மா வாயால் கேட்பது நல்லது. இது என் அபிப்பிராயம்.

தம்பி இன்னும் முடிவு பண்ணவில்லை. வீட்டம்மாவுக்குப் படம் பிடித்திருந்ததாம்.

நீங்கள் அடுத்த முறை யாருக்காவது போன் போட்டால், விசேஷத்தை விட்டுவிட்டு "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேளுங்கள். புண்ணியமாகப் போகும்.