ரப்பர் பாலில் விழும் ஆசிட்

குலசேகரம் தாண்டியதுமே புளித்த வாடை ஒன்று வண்டிக்குள் ஏறிக்கொள்ளும். ஒட்டுப்பாலின் நாற்றம் அது. சிரட்டையில் மிஞ்சி உறைந்த ரப்பர் பாலில் பாக்டீரியா புகுந்து, அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் எனக் கார்பாக்சிலிக் அமிலங்களை உண்டாக்குகிறது. பாலைத் தானே உறைய வைப்பதும் மூக்கைப் பொத்த வைப்பதும் அவைதான்.

நல்ல ரப்பர் ஷீட் வேண்டுமென்றால் பால் தானே உறையும்வரை காத்திருக்க முடியாது. விடியுமுன் வெட்டிய பால், பத்தரை மணிக்கு ஷெட்டுக்கு வந்தது. ஷெட்டில் வேலை பார்க்கும் அக்கா அதை வடிகட்டித் தண்ணீர் கலந்து, அலுமினிய டிஷ்களில் ஊற்றி வைத்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் கேனிலிருந்து கொஞ்சம் ஃபார்மிக் அமிலத்தைச் சரித்தார். "தண்ணியிலதான் ஆசிட்டு ஊத்தணும் சார். மாத்தி ஊத்துனா மூஞ்சில தெறிச்சிரும்." 1671-ல் ஜான் ரே சிவப்பு எறும்புகளைக் காய்ச்சி வடித்துக் கண்ட அமிலம் இது, இப்போது 85 சதவீதச் செறிவில் கேனில் வருகிறது.

அந்த அமிலத் தண்ணீரை டிஷ்களில் ஊற்றிக் கலக்கிய கையோடு நுரையை வழித்தெடுத்தார். நுரை தங்கினால் ஷீட்டில் குமிழி விழும், தரம் இறங்கும். அளவுக் குவளை எதுவும் அங்கே இல்லை. துடுப்பு இழுத்த கோடு உடனே மூடாமல் நின்றதும் கலக்குவதை நிறுத்தினார். "கொறஞ்சா கொழகொழன்னு கெடக்கும், கூடினா வெறச்சுப்போயி ரோலர்ல ஏறாது."

பாலிலுள்ள ஒவ்வொரு ரப்பர் துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்தியிருக்கின்றன. பாஸ்போலிப்பிடு என்பது கொழுப்பமிலங்களின் எஸ்டர். இந்தப் போர்வையின் எதிர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் சேர்ந்து பி.எச். 7-க்குப் பக்கத்திலிருந்து 5-க்குக் கீழே இறங்கினால் மின்னூட்டம் அடங்கி, துகள்கள் கைகோக்கின்றன. கையுறை ஆலைகளுக்குப் போகும் பாலில் நடப்பது நேர்மாறு. அங்கே கெடாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அதில் இதே எஸ்டர் உடைந்து சோப்பாகி, பாலை இன்னும் உறுதியாக நிலைநிறுத்துகிறது.

மலிவு என்று கந்தக அமிலத்துக்குப் போகிறவர்களும் உண்டு. எனக்கு அது வீண் சிக்கனமாகவே படுகிறது. ஃபார்மிக் கழுவும்போதும் காயும்போதும் பெரும்பாலும் போய்விடும். கந்தக அமிலம் சரியாகக் கழுவாவிட்டால் ஷீட்டிலேயே தங்கி, ரப்பரைக் கெடுக்கும், ரோலரையும் அரிக்கும்.

புகைப்புரையில் சில நாள் தொங்கிய ஷீட் தேன் நிறத்தில் பளபளத்தது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டிய அக்காவின் விரல் நுனிகளில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. கேனைத் தொடுவது வெறுங்கையால்தான், கண்ணுக்கும் மறைப்பில்லை. உலகத்துக்கே கையுறை கொடுக்கும் பயிர் இது! தோட்டக்காரர்களே, அடுத்த கேன் ஆசிட் வாங்கும்போது ஒரு ஜோடி கையுறையும் ஒரு கண்ணாடியும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.