பாரசீக இளவரசனும் பாக்தாத் வஸீரும்

கதை என்பது ஒரு காலத்தில் செவிக்குரிய இன்பமாக இருந்தது. அச்சு வந்தபின் அது கண்ணுக்கும் உரியதாயிற்று. திரைப்படம் தோன்றியபோது கண்ணும் செவியும் ஒருங்கே அதில் பங்கு பெற்றன. கணிப்பொறி வந்த பின்னரோ, கேட்பவனே கதைக்குள் இறங்கி ஓடவும், தாண்டவும், விழவும், மடியவும் நேர்ந்தது. இதனைப் பிள்ளைகளின் வீண் பொழுதுபோக்கு என்று நம்மிற் பலர் ஒதுக்கிவிடுகிறோம். பாக்தாதின் சாயலையும் பாரசீகத்தின் பெயரையும் தாங்கிக்கொண்டு நம் இல்லத்துள் நுழையும் கதையை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடல் தகுமா என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விழைவது.

அமெரிக்காவில் வாழும் நம் மருமகன் ஒருவர் பழைய கணிப்பொறிகளைத் தேடியெடுத்துப் பேணி வருபவர். அவரிடம் 1983இல் வெளிவந்த ஆப்பிள் டூ ஈ என்னும் வீட்டுக் கணிப்பொறி ஒன்றுண்டு. அதன் நினைவகம் 128 கிலோபைட். இன்று நம் கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படம்கூட அதற்குள் அடங்காது. அத்தகைய சிற்றறைக்குள் ஓர் அரண்மனையையும், அதன் அடியில் ஒரு பாதாளச் சிறையையும் அமைத்து, ஓர் இளைஞனை உலவவிட்டவர் ஜோர்டான் மெக்னர் என்னும் அமெரிக்கர். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர் 1985இல் தொடங்கிய பணி 1989இல் ‘பாரசீக இளவரசன்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. மருமகன் தட்டைச் செருகி விசையை இட்டுக் கொடுக்க, சில மாலைப் பொழுதுகளை நாம் அதன் முன்னே கழித்தோம்.

கதை எளியது. சுல்தான் அந்நிய மண்ணில் போரில் இருக்கிறார். ஆட்சியைக் கைப்பற்றிய வஸீர், சுல்தானின் மகளைச் சிறைவைத்து, தன்னை மணக்கவோ மடியவோ ஒரு மணி நேரம் தவணை தருகிறான். அவள் நேசிக்கும் இளைஞனோ சிறைக்கூடத்தின் அடியில் வெறுங்கையோடு கிடக்கிறான். வாளையும் அவனே தேடிக்கொள்ளல் வேண்டும். மிதித்தால் பெயர்ந்து விழும் தளக்கற்கள், தரையிலிருந்து சீறி எழும் முட்கள், உடலை இரண்டாக்கும் கத்திகள், எடை பட்டால் திறக்கும் கதவுகள் ஆகியவற்றைக் கடந்து அவன் மேலேறி வரவேண்டும். குப்பிகளிற் சில உயிரூட்டும், சில நஞ்சாகும். எத்தனை முறை மாண்டாலும் அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் மீண்டும் எழலாம். ஆனால் கழிந்த நிமிடங்கள் திரும்பா. 60 நிமிடம் என்ற கணக்கு மட்டும் இடையறாது ஓடிக்கொண்டே இருக்கும். உயிரைத் தாராளமாகவும் காலத்தைக் கறாராகவும் அளந்து தரும் இந்த ஏற்பாடு நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. வாழ்வில் தவறு பொறுக்கப்படலாம். போன பொழுது பொறுப்பதில்லை அன்றோ?

அவ்விளைஞன் ஓடும் ஓட்டத்தில் உயிர் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. மெக்னர் தம் தம்பிக்கு வெண்ணிற ஆடை அணிவித்து, ஓடவும் தாவவும் ஏறவும் செய்து, அதனைக் காணொளியாகப் பதிந்தார். பின் ஒவ்வோர் அசைவையும் தனித்தனிப் படமாகப் பிரித்து, கணிப்பொறியில் வரைந்து சேர்த்தார். வாட்போருக்கு 1938இல் வந்த ராபின் ஹூட் திரைப்படம் துணை செய்தது. இசையை அமைத்துத் தந்தவர் அவருடைய தந்தையார். காணாமற்போனதாகக் கருதப்பட்ட மூலநிரலை 2012இல் தம் வீட்டுப் பெட்டியொன்றிலிருந்து கண்டெடுத்தவரும் அத்தந்தையாரே. தந்தையும் மக்களுமாக ஒரு குடும்பமே இழைத்த வேலைப்பாடு இது.

இதிலே நம் நெஞ்சைத் தொட்ட இடங்கள் இரண்டு. எட்டாம் கட்டத்தில் இளைஞன் மூடிய கதவின் பின்னே சிக்கிக்கொள்கிறான். வலிமையால் ஆவது ஒன்றுமில்லை. அப்போது இளவரசி அனுப்பிய சிற்றெலி ஓடிவந்து தளக்கல்லின்மீது ஏறக் கதவு திறக்கிறது. சிலந்தியும் புறாவும் குகைவாயிலைக் காத்த செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, புனித வரலாற்றோடு விளையாட்டை ஒப்பிடும் எண்ணம் சிறிதும் இல்லை. எனினும் சிற்றுயிரும் பேருதவிக்குக் கருவியாகலாம் என்னும் உணர்வு அங்கே இயல்பாகவே எழுந்தது.

இரண்டாவது, நிழல். நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடி வழிமறிக்கும். ஓடிவந்து அதனுள் பாய்ந்தாலன்றி அப்பால் செல்ல இயலாது. பாய்ந்த கணமே அவனுடைய பிம்பம் தனியே பிரிந்து எதிர்த்திசையில் ஓடிவிடும். பின்னர் அந்நிழல் அவன் அருந்த வேண்டிய மருந்தை அருந்தும். அவன் நுழைய வேண்டிய கதவை மூடி அவனைப் பள்ளத்தில் வீழ்த்தும். இறுதியில் பன்னிரண்டாம் கட்டத்தில் வாளுருவி எதிரே நிற்கும். நாம் அதனை வெட்டினோம். வெட்டியது நம்மையே தாக்கியது. அதன் குருதி நம் குருதியாக இருந்தது. மருமகன் ஒன்றும் சொல்லாது நகைத்தார். வாளை உறையிலிட்டால் நிழலும் இடும். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடினால் ஒன்றாவர். அதன்பின் வெறும் பாழ்வெளியாகத் தோன்றிய இடத்தில் அடி வைக்க வைக்கத் தளம் தோன்றி வழிவிடும்.

இந்நிழல் பிறந்த வரலாறு வியப்புக்குரியது. எதிரிகளை வரைந்து வைக்க நினைவகத்தில் இடமில்லாது மெக்னர் தவித்தார். போர் வேண்டும் என்று தோழி டோமி பியர்ஸ் விடாது வற்புறுத்தினார். புது உருவம் வரைய வழியில்லாமையால், இளைஞனின் உருவத்தையே சற்று இடம்பெயர்த்து அதன்மேற் பொருத்த, மின்னி மின்னித் தோன்றும் நிழலுரு ஒன்று கிடைத்தது. காவலருக்கான இடம் பின்னரே தேடிக்கொள்ளப்பட்டது. வறுமை ஈன்ற கற்பனை இது.

நப்ஸோடு செய்யும் போரே பெரும்போர் என்பர் நம் பெரியோர். தக்கலை பீர்முகம்மது அப்பாவும் குணங்குடி மஸ்தான் சாகிபும் தமிழில் பாடிய நெறியும் அதுவே. நப்ஸைக் கொல்லுதல் என்று வாய்ப்பேச்சில் சொல்கிறோம். ஆயினும் தீமைக்குத் தூண்டும் அம்மாரா, தன்னைத் தானே பழிக்கும் லவ்வாமா, அமைதியுற்ற முத்மஇன்னா என்று படிநிலை வகுத்தபோது, அதனைப் பக்குவப்படுத்தி அமைதியடையச் செய்வதே நோக்கமாகக் காட்டப்பட்டது. இவற்றையெல்லாம் மெக்னர் எண்ணியிருக்க வேண்டியதில்லை. உண்மை பல வாயில்களில் தலைகாட்டும்.

இவ்வாறு மகிழ்ந்திருந்த வேளையில் மருமகனின் ஒன்பது வயது மகன் அருகில் வந்து நின்றான். திரையில் வரும் வஸீரின் பெயர் ஜஃபர். இளைஞனுக்குப் பெயர் இல்லை, இளவரசிக்கும் இல்லை, கொடியவனுக்கு மட்டுமே பெயர் உண்டு. சிறுவனின் பெயரும் அதுவே. “அப்பா, வாப்பா ஏன் எனக்குக் கெட்டவன் பேர வச்சாங்க?” என்று அவன் கேட்டான். பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள் வேறொரு படத்தைக் கண்டு அவனை அவ்வாறே அழைக்கிறார்களாம்.

அவனை மடியில் இருத்திச் சொன்னோம். ஹாரூன் ரஷீதின் வஸீர் ஜஃபர் பர்மக்கீ, பல்கிலிருந்து வந்த அறிஞர் குடும்பத்தவர். இந்திய மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவர ஆதரவளித்த குடும்பம் அது. பாக்தாதில் காகிதம் பரவியதிலும் அக்குடும்பத்தாருக்குப் பங்குண்டு என்பர். ஆயிரத்தொரு இரவுகளில் அவர், மாறுவேடத்தில் இரவில் நகர் சுற்றும் கலீஃபாவின் உற்ற துணைவர். 803ஆம் ஆண்டு அதே கலீஃபாவின் ஆணையால் கொல்லப்பட்டார். காரணம் குறித்து வரலாற்றாசிரியரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அரசனின் வாளுக்கு இரையானவரின் பெயரை, 1940இல் வந்த ‘பாக்தாத் திருடன்’ திரைப்படம் கொடுங்கோல் வஸீருக்குச் சூட்டியது. 1989இல் இவ்விளையாட்டும் 1992இல் ‘அலாவுதீன்’ சித்திரப்படமும் அவ்வழியே சென்றன.

“உனக்கு அவர் பெயரும் இல்லை கண்ணே” என்று தொடர்ந்தோம். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில், அடைக்கலம் தேடிய முஸ்லிம்களின் சார்பில் அஞ்சாது எழுந்து பேசிய ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களின் பெயர் அது. கி.பி. 629இல் மூத்தா போரில் கொடியைக் கைவிடாது ஷஹீதான பெருமகன் அவர். சிறுவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு, “அரசன் கோபப்படலையா?” என்று கேட்டான். இல்லை, அடைக்கலம் தந்தான் என்றோம்.

பிள்ளைகளின் கையிலிருந்து விளையாட்டைப் பறிப்பதால் யாதொரு பயனும் விளையாது. அதில் கலைநயம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, நல்ல உள்ளத்துக்கு அறமும் கிடைக்கிறது. ஆனால் அதன் அருகே நாம் அமர்ந்திருத்தல் வேண்டும். நம் பெயர்களின் வரலாற்றை நாம் சொல்லாது விட்ட வீட்டில், அதனைப் பிறர் சொல்வர். தமக்குத் தெரிந்தவாறு சொல்வர். அவர்மேற் குறை கூறுமுன், பிள்ளைக்குப் பெயரிட்ட நாளிலேயே அப்பெயருக்குரியவரின் கதையையும் சொல்லத் தொடங்குவது பெற்றோரின் கடமை.