பாட்டும் வேணும்... காலையில வண்டியும் கிளம்பணும்! ரிச்சி தெருவில் ஒரு ரவுண்டு

சென்னை அண்ணா சாலையை ஒட்டியிருக்கிறது ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஸ்பீக்கர், ஒயர், ஆம்ப்ளிஃபயர் என கேம்பர் வேனுக்குச் சொந்தமாக ஆடியோ சிஸ்டம் செய்யத் தேவையான எல்லாம் இங்கே கிடைக்கும்.

‘எத்தனை வாட்ஸ்?’ என்று ஆரம்பிக்காதீர்கள். குட்டி வேனுக்கு 4 இன்ச் ஸ்பீக்கர் இரண்டு போதும். 12 வோல்ட்டில் ஓடும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் போர்டு கேளுங்கள். கரன்ட் குறைவாக இழுக்கும், சூடும் குறைவு. பாசிட்டிவ் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பாற்றுவது அதுதான்.

இன்ஜின் பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள். பாட்டுக்குத் தனி பேட்டரி வையுங்கள். மலைமேல் ராத்திரி முழுக்கப் பாட்டு கேட்டுவிட்டு, விடிந்ததும் வண்டியை யார் தள்ளுவது?