பத்தொன்பதாம் சுற்று

2019 ஃபார்முலா 2 சீசன் என்றால் பலருக்கும் பட்டம் வென்ற நிக் டி வ்ரீஸ் நினைவுக்கு வருவார். எனக்கு ஆந்த்வான் யுபேர்தான். 22 வயது. முந்தைய ஆண்டு ஜிபி3 சாம்பியன். பட்டத்துக்குப் போட்டியிடாத ஆர்டன் அணியின் காரை வைத்துக்கொண்டு மோனாக்கோவில் மயிரிழையில் ஜெயித்தார். அப்புறம் சொந்த மண்ணான பிரான்ஸிலும்.

ஆகஸ்ட் 31, பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தளம். பந்தயத்தின் இரண்டாவது சுற்று. ஓ ரூஜ் வளைவைத் தாண்டி ரைடில்யோன் மேடு ஏறும்போது, உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று ஓட்டுபவருக்குத் தெரியாது. தடுப்பில் மோதித் திரும்பி நின்ற யுபேரின் காரை, அதிவேகத்தில் வந்த சக ஓட்டுநர் கொரேயாவின் கார் பக்கவாட்டில் இடித்தது. கொரேயாவின் கால்கள் நொறுங்கின. யுபேர் பிழைக்கவில்லை.

மறுநாள் ஃபார்முலா 2 பந்தயம் ரத்தானது. ஃபார்முலா 1 நடந்தது. அதற்குமுன் மௌன அஞ்சலியில் அவருடைய அம்மா மகனின் ஹெல்மெட்டோடு நின்றார். இன்றைக்கும் என்னால் அந்தக் காட்சியை முழுசாகப் பார்க்க முடியவில்லை. யுபேரின் கார் எண் 19. அதனால் 19வது சுற்றில் ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தப் பந்தயத்தில்தான் லெக்லேர், சின்ன வயதில் யுபேரோடு கார்ட் ஓட்டியவர், தன் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்றார். நண்பனுக்கே அதைச் சமர்ப்பித்தார். கொண்டாட்டமே இல்லை. காரை விட்டு இறங்கி, வானத்தைக் காட்டினார்.